கார் பேட்டரி சார்ஜ் ஏறவில்லையா? கவலையை விடுங்கள்!

டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், முதலில் செய்யவேண்டியது அதைப் பார்க்காமல் இருப்பது. கார்தான் ஓடுகிறதே! சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டிய விளக்கு அது. அணையவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் கரன்ட் தரவில்லை. ஸ்பார்க் பிளக், ஹெட்லைட், வைப்பர் எல்லாமே பேட்டரியில் மிச்சமிருப்பதைத் தின்றுதான் ஓடுகின்றன. இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. கையேடோ, கார் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரியாமல் பத்திரமாக இருக்கிறது. அதைப் போய் தொந்தரவு செய்வானேன்? விளக்கு கண்ணை உறுத்தினால் மேலே ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள்.

ஸ்டிக்கரோடு திருப்தி அடையாதவர்கள் பல்பையே கழற்றிவிடுவார்கள். இது உயர்நிலைப் பயிற்சி. பழைய கார்கள் பலவற்றில் அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு கரன்ட்தான் ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்புகிறது. பல்பு போனால் நன்றாக இருந்த சார்ஜும் போச்சு. எச்சரிக்கை விளக்கை ஒழித்து, எச்சரிக்கையை உண்மையாக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது.

மறுநாள் காலை செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்று மட்டும் சத்தம் வரும். பானெட்டைத் திறந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நில்லுங்கள், போதும். வாக்கிங் போகிறவர், பால் போடுகிறவர், மூன்றாம் மாடி மாமா எல்லோரும் எட்டிப் பார்த்து ஒரே தீர்ப்பு சொல்வார்கள்: “பேட்டரி போயிடுச்சு சார்.” ஆல்டர்னேட்டர் என்று ஒருவர் வாயிலும் வராது. பேட்டரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழி போட வசதி. ஆல்டர்னேட்டரைப் பார்க்கக் குனிய வேண்டும், சட்டை அழுக்காகும்.

பிறகு தள்ளுங்கள். சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்து, வண்டி வேகம் பிடித்ததும் சட்டென்று விட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எவ்வளவு தள்ளினாலும் தள்ளுகிறவர்களின் உடம்புதான் இளைக்கும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் அம்பாசிடர் காலத்துப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வருவார். “இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழட்டுப்பா. வண்டி நின்னா டைனமோ அவுட்டு.” ஆல்டர்னேட்டரைத்தான் டைனமோ என்கிறார். அன்றைய வண்டியில் எரிந்துபோக கம்ப்யூட்டர் இல்லை. இன்றைய காரில் அப்படிக் கழற்றினால் வோல்ட்டேஜ் எகிறி, இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரே கருகிப் போகலாம். அதன் விலையைக் கேட்டதும் சார்ஜ் பிரச்சினை சுத்தமாக மறந்துவிடும். ஒரு வகையில் அதுவும் தீர்வுதான்.

சுவாரசியம் தெரியாத சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பை வெந்நீரும் ஆப்பச்சோடாவும் விட்டுக் கழுவுகிறார்கள். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பார்த்து, ஆடினால் முறுக்குகிறார்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவுகிறார்கள். பல நேரம் நோயே அங்கேதான் இருக்கிறது. இன்ஜின் நிற்கும்போது பெல்ட்டை அழுத்திப் பார்க்கிறார்கள். தொளதொளவென்று இருந்தாலோ, காலையில் ‘கீச்’ என்று கத்தினாலோ பெல்ட் வழுக்குகிறது. அறுந்தே போயிருந்தால் விஷயம் பெரிது: பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது, சார்ஜ் போவதோடு இன்ஜினும் கொதிக்கும்.

அடுத்து, மல்ட்டிமீட்டர் என்ற பொருளை எடுத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் வைக்கிறார்கள். நிறுத்தி ஓய்ந்த காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12-க்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் பேட்டரி நிரபராதி. பெல்ட், ஒயர், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று தேட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீர் கொதிக்கிறது. டையோடு கசிந்தால் இரவில் நிறுத்திவைத்த காரிலேயே சார்ஜ் இறங்கும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜை வேண்டுமென்று குறைத்து வைக்கும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும். இதில் என்ன சுவாரசியம்?

நீங்கள் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியதை மாட்டுங்கள். கார் சிங்கம் மாதிரி ஸ்டார்ட் ஆகும்; தீர்ப்புச் சொன்ன மூன்றாம் மாடி மாமாவின் மதிப்பும் உயரும். கடையில் ஏற்றிக் கொடுத்த சார்ஜ் தீரும்வரை ஓடும், பிறகு படுக்கும். வாரண்ட்டி கேட்டுப் போனால் கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து, “பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு, டைனமோவைப் பாருங்க” என்பார். ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, தீக்குச்சித் தலையளவுக்குத் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்ஷை உங்கள் உள்ளங்கையில் வைப்பார். பிரஷ் மாற்றினால் சார்ஜ் ஏறிவிடும். எக்ஸ்சேஞ்சில் போன நல்ல பேட்டரி மட்டும் திரும்ப வராது.