பூட்டு ஊர்க் கேள்வி

கே: டி.வி. விவாதங்களில் ஆளுக்கு ஆள் 'மேனிபுலேஷன்' என்று திட்டிக்கொள்கிறார்களே, அது அவ்வளவு கெட்ட வார்த்தையா? எங்கிருந்து வந்தது?
– வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்.

ப: பிறக்கும்போது நல்ல பிள்ளைதான்; சகவாசம் சரியில்லை. லத்தீனில் 'மனுஸ்' என்றால் கை, 'மனிபுலஸ்' என்றால் ஒரு கைப்பிடி. பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் நுழைந்தபோது, சுரங்கத்தில் தாது தோண்டும் முறையைத்தான் குறித்தது; பிறகு ரசாயனக் கூடத்தில் பொருள்களைப் பக்குவமாகக் கையாள்வதையும் குறித்தது. அடுத்த நூற்றாண்டில் மனிதர்களையும் கணக்குகளையும் 'கையாள' ஆரம்பித்தார்கள். பெயர் கெட்டது. 1992இல் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெடித்தபோது, பேங்க் பணத்தை வைத்துப் பங்கு விலையை ஏற்றிவிட்ட வேலைக்கும் இதே பெயர்தான்.

நம் 'கை' மட்டும் யோக்கியமா? கைவரிசை என்றால் ஒரு காலத்தில் வெறுங்கைச் சண்டை வித்தை. இன்றைக்கு 'பூட்டிய வீட்டில் கைவரிசை' என்று பேப்பரில் வந்தால், போனது எத்தனை பவுன் என்றுதான் தேடுகிறோம். கையாளுதல் கௌரவம், கையாடல் கேஸ். எல்லாம் ஒரே கைதான்!

உங்கள் ஊருக்குப் பிடித்த சேதி ஒன்று. எண் பூட்டுள்ள இரும்புப் பெட்டியைத் துளை போடாமல், டயலைத் திருகித் திருகி, விரலாலும் காதாலுமே திறப்பதைப் பூட்டுத் தொழிலில் இன்றும் 'மேனிபுலேஷன்' என்றுதான் சொல்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் திண்டுக்கல் பூட்டில் டயல் கிடையாது. உள்ளே இருக்கும் நெம்புகோல்களைத் தூக்க அதற்குரிய சாவி வேண்டும்.

ஆகவே, மூட்டு வைத்தியர் மேனிபுலேட் செய்தால் ஃபீஸ் கொடுங்கள். உங்கள் கணக்குப்பிள்ளை செய்தால் போலீஸுக்குப் போங்கள்.