காசு மாமா

மேலப்பாளையத்தில் ஒரு வகை ஆள் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சொந்தப் பெயர் ரேஷன் கார்டோடு சரி. தெருவில் 'காசு மாமா'. மகன் துபாயிலிருந்து அனுப்பும் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டார். செல்லாத காலணாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

திண்ணையில் ஒரு பக்கம் மனைவியின் பீடித் தட்டு, மறுபக்கம் இவருடைய ஊறுகாய் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காசு ஊறும். தாமிரபரணி பக்கத்திலேயே ஓடுகிறது. இவரோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி வருவார். "குழாய்த் தண்ணியில குளோரின் கிடக்கு வே. செம்புக்கு ஆகாது" என்பார். அவர் குடிப்பது குழாய்த் தண்ணீர்தான்.

கோடையில் ஆறு வற்றினால் மணலை அரித்துக் காசு தேடுகிறவர்கள் வருவார்கள். சொந்த சம்பந்தி வந்தால்கூட இவர் இப்படி எழுந்து நிற்பதில்லை. கொண்டுவருவதில் பெரும்பாலும் பக்தர்கள் ஆற்றில் எறிந்த பைசாக்கள். நடுவே 1943-இல் வந்த ஓட்டைக் காலணா தலைகாட்டும். அதிர்ஷ்டம் இருந்தால், மண் அப்பிய பொடிச் செப்புக்காசு ஒன்று. அனுமார் படமும் 1818-உம் போட்ட 'கம்பெனிக் காசு' வந்தால் தண்ணீரில்கூடப் போட மாட்டார். "கம்பெனிக்காரன் அனுமாருக்கு எங்கவே காசு அடிச்சான்?"

மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அதைச் சொன்னால், "இது ஒம்பதே முக்கால் ரூவாக்குத்தான் வே பெறும்" என்பார். அதே காசை விலைக்குக் கேட்டுப் பாருங்கள். லட்சம் கொடுத்தாலும் கிடையாது.

வீட்டில் சாயா ஐந்து நிமிடம் தாமதமானால் தெருவே கேட்கும். காசுக்கு மட்டும் மாதக்கணக்கில் காத்திருப்பார். தண்ணீரை மாற்றுவார், இளகிய மண்ணைக் குழந்தைகளின் பல் பிரஷால் தொட்டும் தொடாமலும் தள்ளுவார், இடுக்கில் இருப்பதை வேப்பங்குச்சி பார்த்துக்கொள்ளும். பிறகு துபாய் ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு. "என் முழங்காலுக்குக் கேட்டா மட்டும் தீந்துபோச்சும்பாக" என்று பீடித் தட்டுப் பக்கமிருந்து குரல் வரும்.

மண் போனால் போதும், கறுப்பு போகக்கூடாது என்பது அவர் கட்சி. கட்சி சரியானதுதான். செம்பின் மேல் காலம் போட்ட அந்தக் கறுப்பும் கரும்பச்சையும் உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் காவல். புளி போட்டுத் தேய்த்தால் காவலோடு எழுத்தும் போகும். வெளிர்பச்சையாய்ப் பொடி உதிர்ந்தால் மட்டும் முகம் மாறும். உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பைத் தின்னும் நோய் அது. அந்தக் காசுக்குத் தனி டப்பா.

ஒருநாள் மருமகள் நல்லெண்ணத்தில் விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயைப் பாத்திரப் பவுடர் போட்டு விளக்கிவிட்டாள். "மாமா, எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!"

"ஏம்மா, ராணி மூக்கு எங்கம்மா?"

இரண்டு நாள் யாரோடும் பேச்சில்லை. ராணி இனி எடைக்குத்தான் போவாள்: 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. மூக்கோடு இருந்தபோது பிடிக்கிற ஆள் கேட்ட விலையைக் கொடுத்திருப்பான்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய காசு இருந்தால் புளி, எலுமிச்சை, பவுடர் எதுவும் படாமல் அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கூலி வாங்க மாட்டார். ஆனால் திரும்பக் கேட்கிற உத்தேசம் இருந்தால், கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.