பேஸ்மென்ட்டில் ஒரு ஜிம்

கேள்வி: டொரன்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் அறை சும்மா கிடக்கிறது. அழகான ஜிம்மாக மாற்ற, முதலில் என்ன வாங்க வேண்டும்?

பதில்: கூரை உயரத்தை அளக்க ஒரு இஞ்ச் டேப்! டிரெட்மில்லில் ஏறினாலே அரை அடி வளர்ந்துவிடுவீர்கள். ஓடும்போது தலை கூரையில் முட்டினால் தொப்பை குறையாது, தலைதான் வீங்கும். அடுத்த எதிரி ஈரம். கோடையில் நிலத்தடி அறை புழுங்கும், இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். டீஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். மூச்சு வாங்கப் போகிற அறை ஆயிற்றே, ரேடான் என்ற கதிரியக்க வாயு இருக்கிறதா என்றும் அவசியம் சோதியுங்கள். அதற்குக் கனடா சொல்லும் வரம்பு, கன மீட்டருக்கு 200 பெக்கரல். தரைக்கு ரப்பர் விரிப்பு, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி போதும். அழகுக்கு? எதிர்ச்சுவரில் ஒரு ஜோடி கர்லாக்கட்டை மாட்டுங்கள். தினமும் இறக்கிச் சுற்றினால், சுவரோடு தோளும் அழகாகும்.