இராக்கியைக் காணவில்லை

வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். நாய் என்ற பேச்சை எடுத்ததுமே, "அதுவா நானா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க" என்பார். வீட்டில் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அந்த யோசனையைப் பார்த்ததுமே அவருக்குத் தோல்வி விளங்கிவிடும். அப்புறம் நிபந்தனைக்கு இறங்குவார். வாசப்படி தாண்டக் கூடாது, சோபாவில் ஏறக் கூடாது, எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாய் சோபாவிலும் அவர் தரையிலுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

மேலே உள்ள வாக்கியத்தில் திணை வழு இருக்கிறது. இருக்கட்டும். விஷயமே அதுதான்.

இந்த இனத்தில் நான் கிட்ட இருந்து பார்த்த மாதிரி, மதுரையில் எங்கள் எதிர்வீட்டுத் தமிழய்யா. எட்டாம் வகுப்பில் எனக்கு இலக்கணம் எடுத்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் சிவப்பு மையை இன்னும் மூடி வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பிழை திருத்தித் திருப்பிக் கொடுப்பார். நான் அவருக்கு வாட்ஸப் அனுப்புவதற்கு முன் ஒற்று மிகுமா மிகாதா என்று பயந்து, கடைசியில் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

நாயைக் கொண்டுவந்தது பேரன். டீக்கடை ஓரத்தில் நனைந்துகொண்டு கிடந்த செம்பழுப்புக் குட்டி, ஒரு காது மட்டும் தபால் உறை மாதிரி மடிந்திருக்கும். பையன் அதற்கு ராக்கி என்று பெயர் வைத்தான். ஐயா ஒரே வரியில் தள்ளுபடி செய்தார்: "ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது." வேறு பெயரும் அவர் வைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது 'அது'. அது வந்தது, அது தின்றது, அது செருப்பைக் கடித்தது. நேரடியாகப் பேச வேண்டி வந்தால் ஒரே வசனம்தான்: "ச்சீ, அங்கிட்டுப் போ!" ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது தடவையாவது சொல்வார். ஒவ்வொரு தடவையும் நாய் ஓரடி நெருங்கி வரும். காலையில் தயிர்சாதத்தில் ஒரு கைப்பிடி தனியாகப் பிசைந்து கிணற்றடியில் வைப்பார். யாராவது பார்த்துவிட்டால், "பூனைக்கு வெச்சேன், அது வந்து தின்னுருச்சு" என்பார். அந்த வீட்டில் பூனை கிடையாது.

வந்தது தீபாவளி. உச்ச நீதிமன்றம் 2018இல் இரண்டு மணி நேரம் என்று கட்டுப்பாடு விதித்ததிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை வெடிக்கலாம். இது அரசாங்கக் கணக்கு. எங்கள் தெருவின் கணக்கு விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கி, சரக்கு தீரும்போது முடியும். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கதை முடிந்துவிடும், நாய்க்கு 45,000 வரை போகும் என்கிறார்கள். நமக்கே நெஞ்சு அதிர்கிற வெடி அதற்கு என்னவாகக் கேட்டிருக்குமோ. இரவு ஒன்பது மணி வாக்கில் ஐயா வீட்டு வாசலுக்கு நேராக ஓர் ஆயிரம் வாலா வெடித்தது. கேட் திறந்திருந்தது. செம்பழுப்பாக ஏதோ ஒன்று புகைக்குள் போனதைப் பலர் பார்த்தோம். எந்தப் பக்கம் போனது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கருத்து.

அந்தச் சரத்தைக் கொளுத்தியது என் மகன். இதை ஐயாவிடம் நான் இன்று வரை சொல்லவில்லை. பின்னால் ஒன்பது நாள் அவருக்குச் சாரதியாக நான் அலைந்ததைப் பார்த்து, 'என்ன குருபக்தி' என்று தெருவே வியந்தது. வியக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சனியன் தொலைஞ்சுது, விடு" என்றார் ஐயா. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். வலதுகால் செருப்பு இடதுகாலில் ஏறியிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு, "ஒரு நடை போயிட்டு வர்றேன், சாப்பிட்டது செரிக்கல" என்றார். உள்ளேயிருந்து அம்மா, அதாவது ஐயாவின் மனைவி, "இன்னும் சாப்பிடவே இல்லையே!" என்று சொன்னது தெருவுக்கே கேட்டது.

தெருமுனை திரும்பியதும்தான் சிக்கல் புரிந்தது. தேடுவதென்றால் கூப்பிட வேண்டும். கூப்பிட ஒரு பெயர் வேண்டும். ஐயா தொண்டையைச் செருமினார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, இலக்கணம் தவறாமல், "இராக்கீ... இராக்கீ..." என்றார்.

அப்போதும் அந்த இகரத்தை அவர் விடவில்லை. எந்த நாய் திரும்பிப் பார்க்கும்?

மறுநாள் போஸ்டர். மதுரையில் பிறப்பு, பூப்பு, காதணி, பதவி, சாவு எதுவும் சுவருக்கு வராமல் முழுமை பெறாது. காணாமல் போவது மட்டும் விதிவிலக்காக முடியுமா? ஐயா வாசகத்தைக் கையால் எழுதிக் கொண்டுவந்தார்: செம்பழுப்பு நிறமும், மடிந்த இடச்செவியும், அமைந்த குணமும், அளவான உணவும் உடைய... அச்சகத்துப் பையன் பாதியில் நிமிர்ந்து, "ஐயா, இது காணவில்லையா, மணமகள் தேவையா?" என்றான்.

அடுத்த வரியில் அவன் விரல் நின்றது. "காணாமற்போனான்னு இருக்கு. நாய்னா 'போயிற்று'ன்னுதானே வரணும்?" ஐயாவிடம் படித்த பிள்ளையாக இருக்க வேண்டும். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நன்னூல்ல அதுக்கு இடம் இருக்கு. உவப்பு இருந்தா அஃறிணையை உயர்திணையாச் சொல்லலாம். திணை வழுவமைதின்னு பேரு. அப்படியே அடி."

எட்டாம் வகுப்பில் 'எங்கள் பசு வந்தாள்' என்று எழுதியதற்கு எனக்கு அரை மதிப்பெண் குறைத்தவர் இவர்தான். பவணந்தி முனிவர் அன்றைக்கும் இருந்தார். கேட்டுவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆயிரம் வாலா ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

அச்சகத்துப் பையனுக்கு இலக்கணம் தெரிந்த அளவுக்கு வழக்கமான வடிவமைப்பை மறக்கத் தெரியவில்லை. பழக்க தோஷத்தில், 'காணவில்லை' என்ற சிவப்பு எழுத்துக்குக் கீழே போஸ்டர் கொடுப்பவரின் முகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டான், ஐயாவின் எழுபதாம் பிறந்தநாள் படம், பொன்னாடையோடு. நாய் கீழே ஓரத்தில், வழக்கமாக வட்டச் செயலாளர் இருக்கும் இடத்தில், தபால்தலை அளவில். விடிவதற்குள் நூறு போஸ்டரும் ஒட்டியாகிவிட்டது.

காலை ஏழு மணிக்கு முதல் போன். "அம்மா, ஐயாவைக் காணோமாமே!" பழைய மாணவன், துபாயிலிருந்து. யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "இங்கதாம்ப்பா இருக்காரு. காணாமப் போனது நாயி" என்று அம்மா நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பார். எழுத்துக் கூட்டிப் படிக்காத ஒரு பெரியவர் மாலையோடு வந்தார். திண்ணையில் ஐயாவே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அரண்டு, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தனிப் புராணம். "ஐப்பசி கார்த்திகை இல்லையா, மாப்பிள்ளை ஊர் மேயப் போயிருப்பாரு." "எங்க மச்சான் வீட்டு நாய் மூணு வருசம் கழிச்சு வந்துச்சு, ஆனா மச்சான் அதுக்குள்ள போயிட்டாரு." "விடுங்கய்யா, லாப்ரடார் ஒண்ணு எறக்கிடுவோம்." கடைசி ஆளிடம் ஐயா, "உங்க வீட்டம்மா கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போனப்ப நான் இப்படி ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டார். அதன்பிறகு அந்த வகை ஆறுதல் நின்றது.

ஆனால் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து கேட்டைச் சாத்த விடவில்லை. நடுராத்திரி எழுந்து வந்து வாசல் லைட் எரிகிறதா என்று பார்ப்பார். கிணற்றடியில் தயிர்சாதம் வைப்பதை நிறுத்தவில்லை. காக்கை தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் திண்ணையில் அவரிடம் எங்கேயோ படித்ததைச் சொன்னேன். பாலின் பாஸ் என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்து, இந்த மாதிரித் துயரத்துக்குத் தனிப்பெயர் வைத்தார். செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாததால் அழவும் முடியாது, எதிர்பார்ப்பை விடவும் முடியாது.

"தமிழ்ல என்ன?" என்றார் ஐயா.

"தெளிவற்ற இழப்பு."

"ஐயப்பாட்டு இழப்புன்னு சொல்லலாம்" என்று திருத்தினார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "செத்தா பதினாறாம் நாள்னு ஒண்ணு இருக்கு. இதுக்கு எத்தனாவது நாள்?"

அந்தத் திருத்தத்துக்கு அப்புறம் நான் ஒன்றும் பேசவில்லை.

அம்மா மடப்புரம் காளிக்குப் போய்க் காசு வெட்டிப் போடுவதென்று முடிவு செய்தார். எவனாவது பிடித்துக் கட்டி வைத்திருந்தால் அவனைக் காளி பார்த்துக்கொள்வாள். ஐயா பகுத்தறிவுக்காரர். "உனக்கு நம்பிக்கை இருந்தா போ. என்னைய இழுக்காதே" என்றார். அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பி வாசல் தாண்டியபோது பின்னாலேயே வந்து, தாழ்ந்த குரலில், "அங்க சொல்லும்போது ராக்கின்னே சொல்லு. இகரம் போட்டுக் குழப்ப வேணாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "திருடன் இல்லைன்னா, வெடி போட்ட பயலைப் போய்ச் சேரட்டும்" என்றார். அன்றிரவு என் மகனுக்குத் தும்மல் வந்தது. நான் தூங்கவில்லை.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். சத்தத்துக்கு மிரண்ட நாய் வெகுதூரம் போகாமல் பக்கத்திலேயே பதுங்கியும் கிடக்கலாம், அடங்கின நேரத்தில் தேடுங்கள், துரத்தாதீர்கள், நீங்கள் உடுத்திய துணி ஒன்றைத் துவைக்காமல் வாசலில் போடுங்கள், வாசனை பிடித்து வரும் என்றார். கடைசியாக, "வீட்ல எப்பவும் எப்படிக் கூப்பிடுவீங்களோ, அதே குரல்ல, அதே வார்த்தையில கூப்பிடுங்க" என்றார்.

துண்டு சமாச்சாரம் முதல் நாளே கெட்டது. வேர்வை நாறும் துண்டு கேட்டில் தொங்குவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அலசி, நீலம் போட்டு, அதே இடத்தில் காயப்போட்டுவிட்டார். ஐயா இரண்டாம் துண்டை உடுத்தித் தயார் செய்து தொங்கவிட, அது கீழே விழுந்து, அதன்மேல் எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாய் வந்து படுத்துக்கொண்டது. ஐயா அதை விரட்டவில்லை. விரட்டுவதற்கான வசனத்தை அவர் வேறு வேலைக்கு எடுத்து வைத்திருந்தார்.

அதுதான் நான் மறக்க முடியாத காட்சி. விடியற்காலை நாலரை மணி. மார்கழி பஜனைக்குப் போகிறவர் மாதிரி மஃப்ளர் கட்டிய எழுபது வயதுக்காரர், தெருத் தெருவாக, ஒவ்வொரு சந்தின் முன்னாலும் நின்று, தொண்டை கரகரக்க, அவ்வளவு பிரியமாகச் சொல்கிறார்: "ச்சீ... அங்கிட்டுப் போ... ச்சீ, அங்கிட்டுப் போப்பா..." பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "நான் என்னய்யா பண்ணேன்?" என்றார். கோலம் போட வந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். பைக்கில் பின்னால் மெதுவாக உருட்டிக்கொண்டு போன நான், சிரிப்பு வந்துவிடுமோ வேறு ஏதாவது வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் நடுராத்திரி, நாலு தெரு தள்ளி, புரோட்டாக் கடை கல்லைக் கழுவிக் கவிழ்த்த நேரம். ஐயா சந்துக்குள் பார்த்துச் சொன்னார். காலித் தகர டின்களுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடிந்தே இருந்தது. பிறகு நாய் வழக்கம்போல ஓரடி நெருங்கி வந்தது. இன்னும் ஓரடி. அப்புறம் அடிக்கணக்கெல்லாம் இல்லை, ஐயாவின் மஃப்ளர் சாக்கடையில் கிடந்தது.

மாஸ்டர் வெளியே வந்து, "உங்க நாயாய்யா? தீபாவளி ராத்திரி வந்து ஒண்டுச்சு. நாங்க சால்னான்னு பேர் வெச்சோம்" என்றார். ஒன்பது நாளில் இரண்டு கிலோவாவது ஏறியிருக்கும். கவலையில் இளைத்தது ஐயா ஒருவர்தான். போஸ்டர் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பாத்தேண்ணே. இந்தப் பெரியவரைத்தானே காணோம்னு போட்டிருந்துச்சு!"

வீட்டுக்கு வந்ததும் ஐயா பழைய குரலுக்குத் திரும்பிவிட்டார். "அது வந்துருச்சு. கேட்டைச் சாத்து." ஆனால் கேட்டருகே துண்டின்மேல் கறுப்பு நாய் படுத்திருந்தது. ராக்கி முறைத்தது. கறுப்பு முறைத்தது. அம்மா, "இது?" என்றார்.

"இது... இருக்கட்டும்" என்றார் ஐயா.

இப்போது அந்த வீட்டில் அதுவும் இதுவும் இருக்கின்றன. பெயர் வைக்கும் பேச்சே எழவில்லை. போன வாரம் கிணற்றடியில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு பூனைக்குட்டி வந்து நின்று கத்தியது. ஐயா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"சுட்டெழுத்து மூணுன்னுதானே சொல்லிக் கொடுப்பீங்க?" என்றார் அம்மா.

"உகரச் சுட்டு இப்ப வழக்கில இல்லை" என்றது பேப்பர்.

"யாழ்ப்பாணத்துல இன்னும் இருக்காம்ல" என்று சொல்லிவிட்டு அம்மா பால் கிண்ணத்தோடு கிணற்றடிக்குப் போனார்.