88 கட்டைக் கேள்விகள்

கல்லடி வாசகி: மகள் பியானோக் கலைஞராக வரப்போகிறாளாம். இந்தத் தொழில் சோறு போடுமா?

மேடை கறி போடும். சோறு போடுவது படிப்பித்தல். பாரிஸில் ஏறத்தாழ 18 ஆண்டு வாழ்ந்த பியானோ மேதை ஷொப்பான், பொதுமேடை ஏறியது சுமார் 30 தடவைதான். வீட்டு வாடகையைக் கட்டியது மாணவர் கொடுத்த கட்டணம். 'வெறும் ரீச்சர்' என்று யாராவது இழுத்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

புளியந்தீவு வாசகர்: மாரி வந்தால் வீட்டுப் பியானோவின் சுருதி ஏறிவிடுகிறது. ஏதாவது பிடித்திருக்குமோ?

ஈரம் பிடித்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஒலிப்பலகை ஈரத்தைக் குடித்து விம்மும், கம்பி இறுகும், சுருதி ஏறும். கோடையில் இறங்கும். ஏறத்தாழ 230 கம்பிகள். அவற்றின் மொத்த இழுவை 18 தொன்னளவு. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற ஊரில் உப்புக்காற்று அந்தக் கம்பிகளைத் துருப்பிடிக்க வைக்கும். ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். மந்திரிக்க வைத்திருக்கும் காசைச் சுருதி கூட்டுபவரிடம் கொடுங்கள்.

ஏறாவூர் வாசகர்: கீபோட் போதாதா?

தொடங்கப் போதும், தொடரப் போதாது. மெல்லத் தொட்டால் மென்மை, ஓங்கினால் முழக்கம். இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி 1700 அளவில் பியானோவைச் செய்ததே அதற்காகத்தான். கீபோட்டின் லேசான கட்டையில் பழகிய விரலுக்குப் பியானோவில் மூச்சு வாங்கும்.

நாவற்குடா வாசகர்: மீன் பாடும் மட்டக்களப்பில் பியானோ எதற்கு?

மீன் பௌர்ணமிக்குப் பாடினால் போதும். மாணவி தினமும் வாசிக்க வேண்டும்.

செங்கலடி வாசகி: இலங்கையில் பிறந்து உலகப் பெயர் வாங்கிய பியானோக் கலைஞர் உண்டா?

ரொஹான் டி சில்வா. மொஸ்கோவில் 1990ஆம் ஆண்டு நடந்த சைக்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த பக்கவாத்தியக் கலைஞருக்கான பரிசு இவருக்கு. வயலின் மேதை இட்ஸாக் பேர்ல்மனோடு உலகமெங்கும் மேடைகள். நியூயோர்க் ஜூலியார்டில் ஆசிரியரும்கூட. பக்கவாத்தியம் என்றால் மட்டம் என்பவர்கள் நல்ல மிருதங்கம் கேட்டதில்லை.

காத்தான்குடி வாசகர்: எட்டாம் தரம் பாஸ் பண்ணினால் கலைஞர்தானே?

தரத்துக்கு மூன்று உருப்படியை மட்டும் உருப்போட்டு எட்டு வருடம் ஓட்டிய பிள்ளைக்கு 24 உருப்படி தெரியும், இசை தெரியாது. புதிய தாளை வைத்து "வாசி" என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் பரீட்சை.

வாழைச்சேனை வாசகி: கர்நாடக இசை பியானோவில் வருமா?

கமகம் வராது. ஒரு கட்டையிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வழியில்லை. ஆனாலும் சென்னையில் பியானோக் கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணோடு கச்சேரி செய்கிறார்: வளைவு குரலுக்கு, விரிவு பியானோவுக்கு. தொடக்கூடாததைத் தொடாமல் விடுவதும் வித்துவம்தான்.

களுவாஞ்சிக்குடி வாசகர்: இது வெள்ளைக்காரன் வாத்தியம். நமக்கும் அதற்கும் என்ன உறவு?

மூடியைத் திறந்து பாருங்கள். சுரத்துக்குச் சுரம் தனி நரம்போடு உள்ளே கிடப்பது யாழ்! காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் உழைத்து அந்தப் பழந்தமிழ் வாத்தியத்தின் கணக்கைத் தேடினார். 'யாழ் நூல்' அரங்கேறியது 1947 ஜூனில். அடுத்த மாதமே அவர் மறைந்தார். கல்லடியில் இசையும் நடனமும் படிப்பிக்கும் நிறுவகம் அவர் பெயரில்தான் நிற்கிறது. இனி நரம்புக் கணக்கை அந்நியம் என்று சொல்லாதீர்கள்.

ஆரையம்பதி வாசகி: ரீச்சர் விரல் பயிற்சியே கொடுத்துக்கொண்டிருக்கிறார். மகனுக்கு அலுப்பு.

வியன்னாவில் பியானோ ஆசிரியர் செர்னியிடம் வந்த சிறுவனுக்கும் அதே அலுப்புதான். செர்னி விடவில்லை, காசும் வாங்கவில்லை. அந்தச் சிறுவன்தான் பியானோ மேதை லிஸ்ட். உங்கள் ரீச்சருக்குக் கட்டணத்தை ஒழுங்காகக் கொடுங்கள்.

கொக்கட்டிச்சோலை வாசகர்: பியானோ வாங்க வசதி இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். பூட்டிய பியானோவைக் கறையான்தான் வாசிக்கும். உங்கள் தேவாலயத்திலோ பாடசாலையிலோ ஒன்று மூடிக் கிடந்தால், திறப்பு வைத்திருப்பவரிடம் போய், பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்கு விடச் சொல்லிக் கேளுங்கள்.