முதலாம் படிவனார் சமூகத்திற்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் முதலாம் படிவனார் அவர்கள்.

பொருள்: வலிப்பு பற்றிய கேள்வியில் ஒரு வரி கூட்டக் கோருதல்.

ஓட்டுநர் உரிமம் வேண்டுவோரின் உடல்தகுதியை அவரவர் சொல்லைக் கொண்டே அறியும் படிவனார், வலிப்பு நோயோ திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா என முதற்கண் வினவி, ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு விடைகளுக்கு மட்டும் இடம் தந்திருக்கிறார். நாற்பது வயதுக்கு உட்பட்டவர் சொந்த வண்டி ஓட்ட மருத்துவச் சான்றும் கேட்கப்படுவதில்லை ஆதலால், அரிச்சந்திரன் வழிவந்தோர் வெறுங்கையோடு வீடு திரும்ப, ஏனையோர் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெறுகின்றனர்.

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்களில் மின்துடிப்பு கட்டுமீறிப் பாய்வதால் சிறிதுநேரம் நேரும் தடுமாற்றம். உடனடிக் காரணம் ஏதுமின்றி அது மீண்டும் மீண்டும் வரும் இயல்பே வலிப்பு நோய். வண்டியோட்டும்போது அது வந்தால் பிறர் உயிருக்கும் கேடு என்பதில் படிவனாரோடு எவருக்கும் வழக்கில்லை. ஆயினும், உரிய மருத்துவம் கிடைத்தால் இந்நோயாளரில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறுகையில், பத்தாண்டுகளாக வலிப்பே காணாதவரும் நேற்று மாலை பேருந்து நிலையத்தில் நினைவிழந்து விழுந்தவரும் படிவனார் கண்ணுக்கு ஒரே ‘ஆம்’ ஆகத் தெரிகின்றனர். பிரிட்டனில் ஓராண்டு வலிப்பின்றிக் கழித்தவர் கார் ஓட்ட விண்ணப்பிக்கலாம். அங்குள்ள படிவங்களுக்கு நாட்காட்டி பார்க்கத் தெரியும் போலும்.

ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனாலும் ஓரிரவு தூக்கம் கெட்டாலும் வலிப்பு திரும்பக்கூடும் என்பதால், இந்நோயாளர் இரவுப்பணியையும் விடிய விடிய நடக்கும் கூத்தையும் துறந்தே வாழவேண்டியிருக்கிறது. ‘இல்லை’ என எழுதியவரோ, எழுதியதைக் காப்பாற்றும் பொருட்டு, அலுவலகத்தில் அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்கிறார். இதனால் அவர் விழும் நாளில், ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும் என்று அறிந்தவர் ஒருவரும் அருகில் இல்லாமல், சாவிக்கொத்தோடு நால்வர் ஓடிவருகின்றனர். உரிமம் போய்விடுமோ என அஞ்சி, இடையில் வந்த வலிப்பை மருத்துவரிடமும் மறைக்க, மருந்தின் அளவு கூட்டப்படாமலே அவர் வண்டி சாலையில் ஓடுகிறது.

மீண்டும் மீண்டும் வரும் வலிப்பை மணத்தடையாக வைத்திருந்த இந்து திருமணச் சட்டமே 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதைக் கைவிட்டுவிட்டது. ஆகவே இந்நோயாளர் இன்று தடையின்றி மணமேடை ஏறலாம். மண்டபத்திற்கு ஸ்கூட்டர் ஓட்டி வருவதுதான் ஆகாது.

எனவே, ‘ஆம்’ என்பதன் கீழ், கடைசி வலிப்பு வந்த நாளுக்கு ஒரு வரியும், நரம்பியல் மருத்துவர் கையொப்பத்திற்குச் சிறிது இடமும் ஒதுக்கித் தர வேண்டப்படுகிறது. தாளில் இடம் போதாதெனில், மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதிகூறும் வரியை எடுத்துவிடலாம். அதற்கு இப்போது பெரிதாக வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
‘ஆம்’ என எழுதியோர்