மாறச் சொல்லும் மாமா

முகூர்த்தம் முடிந்து பந்தி போடுவதற்குள் ஒரு முக்கால் மணி நேரம் சும்மா கிடக்குமே, அதுதான் இவருடைய நேரம். எந்தக் கல்யாண மண்டபத்திலும் ஒருவர் இருப்பார். காப்பி குடித்த டம்ளர்களில் மூன்றைத் துடைத்துக் கவிழ்ப்பார். ஒன்றின் அடியில் மைசூர்பாகு. "ஒண்ணைத் தொடு." தொட்டதும், மற்ற இரண்டில் காலி டம்ளர் ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "இப்ப மாத்திக்கிறியா?"

"பாக்கி ரெண்டுதானே மாமா? பாதிக்குப் பாதி. எதுக்கு மாத்தணும்?"

இந்தப் பதிலுக்காகத்தான் மாமா விடிகாலையிலேயே குளித்துவிட்டு வந்திருக்கிறார்.

1963-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய போட்டி, அதை நடத்திய மாண்டி ஹால், மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்றதில் ஆடு என்று ஆரம்பிப்பார். 1990-இல் 'பரேட்' இதழில் மர்லின் வோஸ் சாவன்ட், மாறினால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று எழுதப்போக, சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்து விழுந்தன. திட்டியவர்களில் முனைவர் பட்டக்காரர்களே நூற்றுக்கணக்கில். "எர்டோஷே நம்பலையே! கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டினப்புறம்தான் வழிக்கு வந்தார்." சொல்கிற தோரணையில், அந்த ஹங்கேரியக் கணித மேதை ஏதோ சம்பந்தி வீட்டு மனிதர் போலிருக்கும்.

கணக்கில் மாமாவைக் குறை சொல்ல முடியாது. முதலில் தொட்டது தப்பாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. தப்பாகத் தொட்டவர் மாறினால் ஜெயிப்பார். அவ்வளவுதான். மாமிதான் ஒருநாள் வெற்றிலை மடித்தபடியே கேட்டாள்: "திறக்கிறவருக்கு எதுல இருக்குன்னு தெரியாம, குத்துமதிப்பாத் திறந்து, அது காலியா இருந்தா?"

"அப்ப பாதிக்குப் பாதிதான்" என்றார் மாமா. அதை மட்டும் யார் காதிலும் விழாமல் சொன்னார்.

போன மாதக் கல்யாணத்தில் என் மச்சினி மாறினாள், தோற்றாள். "சபாஷ்! சரியான முடிவு" என்று மாமா கைகுலுக்கினார். வெறுங்கையை மடக்கிக்கொண்டு அவள் போனாள். அடுத்து வந்த ஏழு வயதுப் பையன் மாறமாட்டேன் என்று டம்ளரைக் கட்டிப்பிடித்து, மைசூர்பாகை எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டான்.

"தப்பு!" மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நூறு தடவை ஆடிப் பாரு, அப்பத் தெரியும்."

பையன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்தான். "ஆடலாம் மாமா. நூறு மைசூர்பாகு இருக்கா?"